மரபணுவுக்கு உறுதி உண்டா? யாழ்ப்பாண ஆய்வுகூடம் ஒன்றில் ஏழு வாரம் நின்றுபோன பரிசோதனை

இதில் வரும் எவருடைய பெயரையும் எழுதவில்லை. நிறுவனத்தின் பெயரும் இல்லை. சம்பந்தப்பட்டவர்கள் வாசித்துச் சரி என்று சொன்ன பிறகே வெளியிடுகிறேன். நான் யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியும் நொத்தாரிசும். காணி வழக்கும் உறுதி (காணிப் பத்திரம்) முடிப்பும்தான் என் அன்றாட வேலை. புலமைச் சொத்துச் சட்டத்தைக் கையில் எடுக்கும் நாட்கள் வருடத்தில் ஒன்றோ இரண்டோ. அதில் ஒன்று, ஒரு மரபணுப் பரிசோதனையை நிறுத்தச் சொல்லி வந்த ஆக்கவுரிமைக் கடிதத்தால் வந்தது. ஆக்கவுரிமை (பேற்றன்ட்) என்பது ஒரு கண்டுபிடிப்பை மற்றவர்கள் பாவிக்காமல் தடுக்கக் கண்டுபிடித்தவருக்கு அரசு கொடுக்கும் உரிமை.

பின்னணி

அசதயோபிரின், மெர்கப்டோபியூரின் இரண்டும் பழைய, மலிவான மருந்துகள். குடல் அழற்சி, லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்) போன்றவற்றுக்கு முதலாவதையும், பிள்ளைகளுக்கு வரும் குருதிப் புற்றுநோய்க்கு இரண்டாவதையும் கொடுக்கிறார்கள். பெரும்பாலானோருக்குப் பிரச்சினை இல்லை. சிலருக்கு மட்டும் வழமையான அளவே நஞ்சாகிறது. வெண்குழியங்கள் வீழ்ந்து, சாதாரணக் காய்ச்சலே உயிராபத்தாகிவிடும்.

இதற்கு ஒரு காரணம் 13ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள என்யுடிடி-15 என்ற மரபணு. மருந்து உடலுக்குள் போய் மாறி உருவாகும் நச்சுப் பொருளை உடைக்கும் நொதியத்தை இது ஆக்குகிறது. மரபணுவின் 415ஆம் இடத்தில் சி என்ற டி.என்.ஏ எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் டி என்ற எழுத்து வந்தால், நொதியத்தின் 139ஆவது அமினோ அமிலம் மாறி, நொதியம் நிலைக்காமல் போகிறது. 2014இல் கொரிய ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். ஐரோப்பியரிடம் இந்த மாற்றம் அரிது. கிழக்காசியரிடமும் எங்களைப் போன்ற தென்னாசியரிடமும் அதைவிடப் பல மடங்கு அதிகம். ஐரோப்பாவில் வழக்கமாகப் பார்க்கப்படும் டிபிஎம்டி என்ற மற்ற மரபணுவை மட்டும் சோதித்தால் எங்கள் ஆட்களில் ஆபத்தில் உள்ளவர்கள் கண்ணில் படாமல் போய்விடுவார்கள். 2018இல் மருந்தளவு வழிகாட்டிகள் இரண்டு மரபணுக்களையும் சேர்த்தே பேசத் தொடங்கின.

முதல் நோயாளி

இருபது வயதைத் தாண்டிய ஒரு பெண் பிள்ளைக்குக் குடல் அழற்சிக்காக அசதயோபிரின் தொடங்கியிருந்தார்கள். மூன்றாவது வாரம் தாயார் கிளினிக்குக்கு வந்தார். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொதி. பிரித்தால் உள்ளே தலைமயிர். சீப்பில் வந்ததை மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்திருக்கிறார்.

“டொக்டர், மருந்துதான் பிள்ளையை இப்பிடி ஆக்கினதோ?”

வைத்திய நிபுணர் உடனே குருதிப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒரு மைக்ரோலீற்றரில் 4,000க்குக் குறையக்கூடாத வெண்குழியங்கள் 900 இருந்தன. மருந்தை நிறுத்தி விடுதியில் சேர்த்தார்கள். பிள்ளை தப்பிவிட்டாள். மாதிரி சென்னைக்குப் போய் வந்தது. மரபணுவின் இரண்டு பிரதியிலும் டி. இப்படியானவர்களுக்கு முழுதாகத் தலைமயிர் கொட்டுவதும் குழியங்கள் வீழ்வதும் முதல் சில வாரங்களுக்குள்ளேயே நடக்கும் என்று அப்போதே எழுதப்பட்டிருந்தது. தொடங்கும் முன் ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

வைத்திய நிபுணரும், ஆய்வுகூடத்தில் எம்.எல்.ரியாக (மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக) வேலை செய்யும் ஒரு தங்கச்சியும் சேர்ந்து சொந்தப் பரிசோதனை ஒன்றை உருவாக்கும் வேலையைத் தொடங்கினார்கள். முறை புதிதல்ல. 1989 முதல் எல்லோரும் பாவிக்கும் ஒருவகை பி.சி.ஆர் (டி.என்.ஏயைப் பிரதி எடுத்துப் பெருக்கும் முறை): ஒரு குழாயில் சியைத் தேடும் பிரைமர் (பிரதி எடுப்பதைத் தொடக்கிவைக்கும் சிறு டி.என்.ஏ துண்டு), மற்றதில் டியைத் தேடும் பிரைமர். கடைசி எழுத்து பொருந்தாவிட்டால் பிரதி எடுபடாது. ஜெல்லில் எந்தக் குழாயில் கோடு விழுகிறது என்று பார்த்தால் விடை தெரியும்.

அவர்கள் சேர்த்த புதுமை வேறு. 2022 வசந்தத்தில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். உறைபெட்டியில் இருக்கவேண்டிய, பி.சி.ஆரில் பிரதி எடுக்கும் நொதியம் இரண்டு தடவை பழுதாகிவிட்டது. அந்தத் தங்கச்சி கலவையை ட்ரெஹலோஸ் என்ற சீனியோடு சேர்த்துக் குழாய்க்குள்ளேயே உலர்த்திப் பார்த்தார். அலுமாரியில் வைத்தாலும் வேலை செய்தது. நீரும் டி.என்.ஏயும் விட்டால் சரி. சென்னையில் விடை தெரிந்த மாதிரிகளை இலக்கம் மட்டும் போட்டு, விடையை மறைத்துக் கொடுத்துச் சரிபார்த்தார்கள். பிறகு அனுமதி பெற்று, செலவுக்கு மட்டும் ஒரு சிறு கட்டணத்தோடு நோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கினார்கள். ஒரு மாநாட்டில் சுவரொட்டியாகவும் வைத்தார்கள்.

கடிதம்

சுவரொட்டி வைத்து எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு பதிவுத் தபால் வந்தது. வெளிநாட்டுப் பரிசோதனைக் கிட் தயாரிப்பாளர் ஒருவரின் கொழும்பு முகவர் அனுப்பியது. இந்த மரபணு மாற்றத்தைச் சோதிப்பது தங்கள் ஆக்கவுரிமைக்கு உட்பட்டது, உடனே நிறுத்திவிட்டுத் தங்கள் கிட்டை வாங்கவேண்டும், இல்லாவிட்டால் சட்ட நடவடிக்கை என்பதே சாரம். கீழே மூன்று ஆக்கவுரிமை இலக்கங்கள்.

நிர்வாகம் அன்றே பரிசோதனையை நிறுத்தச் சொன்னது. அதை நான் குறை சொல்லமாட்டேன். வழக்குக்கு ஒதுக்கப் பணம் இல்லாத இடம். “பிரச்சினை வந்தால் ஆர் பொறுப்பு?” என்று கேட்டவருக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. பிழை, நிறுத்தியதில் இல்லை. நிறுத்திவிட்டு, கடிதத்தை யாரிடம் காட்டுவது என்று முடிவெடுக்க ஏழு வாரம் எடுத்ததுதான் பிழை.

அந்த ஏழு வாரங்கள்

பதினொரு மாதிரிகள் தேங்கின. வசதியுள்ள நான்கு குடும்பங்கள் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு இரவு பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து சென்னைக்கு எடுப்பித்தார்கள். மற்றவர்களுக்கு அது முடியவில்லை.

அந்த மற்றவர்களில் ஒருவர் நடுத்தர வயது ஆசிரியர். லூபஸ் அவருடைய சிறுநீரகத்தைத் தாக்கியிருந்தது. மாற்று மருந்து அந்த மாதம் கையிருப்பில் இல்லை, தனியாரில் வாங்கும் வசதி அவருக்கில்லை. காத்திருந்தால் சிறுநீரகம் போய்விடும். வைத்திய நிபுணர் அரைவாசி அளவில் அசதயோபிரினைத் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குருதி பார்ப்பதென்று முடிவெடுத்தார். அன்று இருந்த நிலையில் வேறு எவரும் அதைவிட நல்ல முடிவு எடுத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இரண்டு பிரதியிலும் டி உள்ளவருக்கு அரைவாசியும் அதிகம். இந்த நோய்களில் அப்படியானவருக்கு இந்த மருந்தையே தவிர்க்கச் சொல்கிறது வழிகாட்டி. இரண்டாவது குருதிப் பரிசோதனைக்கு முன்பே அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் விடுதியில் இருந்தார். பிழைத்தார். பிறகு சோதித்தபோது இரண்டு பிரதியிலும் டி.

அதற்குப் பிறகுதான் வைத்திய நிபுணர் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

கடிதத்தைப் பிரித்துப் பார்த்தது

முதலில் நான் கேட்டது, “டொக்டர், இதில் இலங்கை இலக்கம் எங்கை?” என்பது. அவர் விளங்காமல் பார்த்தார். நான் காணியை வைத்துச் சொன்னேன். பருத்தித்துறைக் காணிக்கு உறுதி வைத்திருப்பவர் அதைக் காட்டிச் சாவகச்சேரியில் வேலி போடமுடியாது. ஆக்கவுரிமையும் அப்படித்தான். எந்த நாடு கொடுத்ததோ அந்த நாட்டுக்குள்தான் செல்லும்.

மூன்று இலக்கங்களையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தரவுத்தளங்களில் தேடினோம். ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. ஒன்று விண்ணப்பம் மட்டும், உரிமை வழங்கப்படவே இல்லை. ஒன்று வழங்கப்பட்டு, வருடாந்தக் கட்டணம் கட்டாததால் செயலிழந்தது. மூன்றாவது உயிரோடு இருந்தது, ஆனால் வெளிநாடு ஒன்றில், குறிப்பிட்ட பிரைமர்கள் கொண்ட ஒரு கிட்டுக்கு மட்டும். சர்வதேச விண்ணப்பம் ஒன்று இலங்கைக்குள் வரவேண்டுமானால் முன்னுரிமைத் திகதியிலிருந்து (முதல் விண்ணப்பம் போட்ட திகதி) 30 மாதத்துக்குள் இங்கே நுழையவேண்டும். அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பதிவேட்டிலும் எதுவும் இல்லை.

சட்டப்படி இவ்வளவோடு விஷயம் முடிந்தது. ஆனால் நிர்வாகத்தின் பயம் முடியவில்லை. நாளைக்கு யாராவது இங்கேயும் பதிந்துகொண்டு வந்தால்? அந்தக் கேள்வி நியாயமானது. அதனால் மேலும் பார்த்தோம்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 62ஆம் பிரிவில் எதற்கு ஆக்கவுரிமை கிடையாது என்று சொல்கிறது. கண்டறிதல்கள் அதில் முதலாவது. இயற்கையில் ஏற்கெனவே இருந்ததைக் கண்டது கண்டறிதல், இல்லாததை ஆக்கியது கண்டுபிடிப்பு. 415ஆம் இடத்தில் சிக்குப் பதில் டி இருப்பதை யாரும் ஆக்கவில்லை. அந்தப் பிள்ளையும் அந்த ஆசிரியரும் தாய் தகப்பனிடமிருந்து பெற்றது அது.

வெளிநாடுகளில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள இரண்டு மரபணுக்களுக்கு அமெரிக்க நிறுவனம் ஒன்று ஆக்கவுரிமை வைத்திருந்தது. அந்தச் சோதனைக்கு 3,000 டொலருக்கு மேல் வாங்கியது, மற்ற ஆய்வுகூடங்களைச் செய்யவிடவில்லை. 2013 ஜூன் 13ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது: உடலிலிருந்து பிரித்தெடுத்தது என்பதற்காக இயற்கை டி.என்.ஏ கண்டுபிடிப்பாகிவிடாது. ஆய்வுகூடத்தில் ஆர்.என்.ஏயிலிருந்து ஆக்கப்படும் டி.என்.ஏ வேறு, அதற்குக் கிடைக்கலாம். அன்றே வேறு ஆய்வுகூடங்கள் அதே சோதனையைத் தாங்களும் செய்வதாக அறிவித்தன. 2015இல் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றமும் அதே மரபணு விடயத்தில் ஆக்கவுரிமைக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. ஐரோப்பா வேறு வழி. அங்கே 1998ஆம் ஆண்டுப் பணிப்புரை, பிரித்தெடுத்த மரபணுவுக்கு, அதன் தொழிற்பயன் காட்டப்பட்டால், ஆக்கவுரிமை கிடைக்க இடம் வைத்திருக்கிறது. ஆகவே ‘உலகமெங்கும் மரபணு உரிமை ஒழிந்துவிட்டது’ என்று நான் அவர்களுக்குச் சொல்லவில்லை.

வைத்திய நிபுணர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தது இன்னொரு வழக்கைச் சொன்னபோது. 2012 மார்ச் 20இல் அமெரிக்காவில் தீர்ந்தது அது, இதே மருந்துக் குடும்பத்தைப் பற்றியது. மருந்தைக் கொடுத்து, குருதியில் அதன் விளைபொருளை அளந்து, 80 கோடிச் செங்குழியங்களுக்கு 230 பிக்கோமோலுக்குக் குறைந்தால் அளவைக் கூட்டு, 400க்கு மேல் போனால் குறை என்று ஒரு நிறுவனம் ஆக்கவுரிமை பெற்றிருந்தது. சொந்தமாக அளக்கத் தொடங்கிய ஒரு பெரிய மருத்துவமனை மேல் வழக்குப் போட்டது. மருந்துக்கும் உடலுக்கும் இடையிலான தொடர்பு இயற்கை விதி, அதை மருத்துவருக்குச் சொல்லிக் கொடுப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. “அப்ப நாங்கள் ஒவ்வொரு நாளும் கிளினிக்கிலை செய்யிறதை ஒருத்தர் தன்ரை எண்டு சொல்லியிருக்கிறார்!” என்றார் டொக்டர்.

‘உடலின்மேல்’ என்ற சொல்

இலங்கைச் சட்டத்தின் இதே 62ஆம் பிரிவில், மனித உடலின்மேல் செய்யப்படும் நோய் கண்டறியும் முறைகளுக்கும் ஆக்கவுரிமை இல்லை என்று இருக்கிறது. ஆனால் அதே மூச்சில், அப்படியான முறையில் பாவிக்கும் பொருளுக்கு ஆக்கவுரிமை கிடைக்கும் என்றும் இருக்கிறது.

குருதியை எடுத்துக் குழாயில் விட்ட பிறகு நடப்பது உடலின்மேல் நடப்பதா? இங்கேதான் அதிக நேரம் செலவழித்தோம். ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்தின் விரிவுபடுத்தப்பட்ட மேன்முறையீட்டுச் சபை 2005 டிசம்பரில் கொடுத்த கருத்தின்படி, முறையின் தொழில்நுட்பப் படிகள் எல்லாம் உடலின்மேல் நடந்தால்தான் விலக்கு. குழாயில் செய்தால் விலக்கு இல்லை, ஆக்கவுரிமை கிடைக்கலாம். இந்தியச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் ‘உடலின்மேல்’ என்ற சொல்லே இல்லை. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், கர்ப்பிணித் தாயின் குருதியிலுள்ள சிசுவின் டி.என்.ஏ பற்றிய ஒரு விண்ணப்பத்தில், அந்த விலக்கை உடலின்மேல் செய்வதற்கு மட்டும் என்று சுருக்க முடியாது என்று சொன்னது. எங்கள் சட்டத்தின் சொற்கள் ஐரோப்பாவினதுக்குக் கிட்ட. ஆகவே குழாயில் செய்யும் சோதனை முறைக்கு எதிராக 62ஆம் பிரிவை மட்டும் நம்பி நிற்கவேண்டாம் என்றேன். புதுமையும் கண்டுபிடிப்புப் படியும் இல்லை என்பதே உறுதியான நிலம்: மாற்றம் 2014இல் வெளிவந்தது, முறை 1989இலிருந்து இருக்கிறது, இரண்டையும் சேர்ப்பது துறை தெரிந்த எவருக்கும் தோன்றும்.

ஒருவர் இதை ஆராய்ச்சி என்று பெயர்மாற்றிச் செய்யலாமே என்று யோசனை சொன்னார். விஞ்ஞான ஆராய்ச்சிக்காக மட்டும் செய்வதற்குச் சட்டம் விலக்குத் தருவது உண்மை. ஆனால் கட்டணம் வாங்கி, விடையை நோயாளியின் கோப்பில் எழுதி, அதன்படி மருந்து கொடுப்பது ஆராய்ச்சிக்காக மட்டும் அல்ல. அந்த யோசனையை நான் ஏற்கவில்லை.

முகவருக்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதினோம். எந்த இலங்கை ஆக்கவுரிமை, அதன் எந்தக் கோரிக்கை (எதற்கு உரிமை என்று சொல்லும் வாசகம்), எங்கள் முறையின் எந்தப் படி அதை மீறுகிறது, இவ்வளவே. எழுத்தில் பதில் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கிட்டைக் கழிவு விலையில் தரலாம் என்றார்கள். நாங்கள் பதில் அனுப்பிய நாளுக்கு மறுநாளே பரிசோதனை மீண்டும் தொடங்கியிருந்தது.

சொந்த ஆக்கவுரிமை எடுப்பதா

கடிதம் வந்த சூட்டில் எல்லோரும் நாங்களும் ஒன்று எடுத்துவைத்தால் என்ன என்று நினைத்தார்கள். மரபணுவுக்கு அல்ல, உலர்ந்த குழாய்க்கு. பொருள் என்பதால் 62ஆம் பிரிவு தடுக்காது. நேரம்தான் நெருக்கியது. கண்டுபிடித்தவரே வெளியிட்டது, விண்ணப்பத்துக்கு முந்திய ஒரு வருடத்துக்குள் என்றால் இலங்கையில் புதுமையைக் கெடுக்காது. அந்த ஒரு வருடத்தில் பத்து மாதம் போய்விட்டது. ஐரோப்பாவில் அப்படியான சலுகை இல்லை, சுவரொட்டி வைத்த அன்றே அந்தக் கதவு மூடிவிட்டது. உரிமை யாருக்கு என்பதும் இருந்தது. வேலையின் பகுதியாகச் செய்த கண்டுபிடிப்பு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுப்பவருக்கே போகும். அந்தத் தங்கச்சிக்கு இது அதுவரை தெரியாது.

கோரிக்கைகளை எழுதிப் பார்த்தேன். பிறகு முன்னைய ஆவணங்களைத் தேடினேன். பி.சி.ஆர் கலவையை ட்ரெஹலோஸோடு உலர்த்துவது பல வருடங்களாக அச்சில் இருக்கிறது. அவருடைய விகிதம் வேறு, எங்கள் வெப்பத்துக்கு அது பொருந்துகிறது, ஆனால் அந்த வித்தியாசம் ஆக்கவுரிமை விண்ணப்பத்தைப் பார்க்கும் ஒரு பரிசோதகரைச் சம்மதிக்க வைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தேடல் கட்டணம், பிறகு ஒவ்வொரு வருடமும் கட்டணம், 20 வருடம். நான் எடுக்கவேண்டாம் என்றேன். தங்கச்சி சிறிது நேரம் பேசவில்லை. “அப்ப சேர், நான் செய்தது புதுசு இல்லையோ?” என்று கேட்டார். பயன் இருக்கிறது, சட்டம் கேட்கும் அளவு புதுமை இல்லை என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

பிரைமர் வரிசை, ட்ரெஹலோஸ் விகிதம், உலர்த்தும் நேரம் எல்லாவற்றையும் அவருடைய பெயர் முதலில் வரும்படி வெளியிட முடிவெடுத்தார்கள். வெளிவந்த பிறகு அதே விடயத்துக்கு வேறு எவரும் எங்கேயும் புதிது என்று உரிமை கேட்க முடியாது.

பின்னர்

இதில் இழப்பும் உண்டு. உலர்ந்த குழாய்களைத் தயாரித்து விற்கலாமா என்று ஒரு நிறுவனத்தோடு பேசினோம். எவரும் பிரதி பண்ணலாம் என்றால் தங்களுக்கு என்ன இலாபம் என்று விலகிவிட்டார்கள். ஆகவே இன்றும் அந்தக் குழாய்களை ஆய்வுகூடத்திலேயே கையால் நிரப்புகிறார்கள். ஆக்கவுரிமை ஒன்றுக்கும் உதவாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இது ஒரு காரணம். நாட்டின் வேறு பகுதிகளிலிருந்து இரண்டு ஆய்வுகூடங்கள் முறையைக் கேட்டு எடுத்திருக்கின்றன.

இன்னொரு முறை என்றால்

இப்படிக் கடிதம் வந்தால் முதல் நாளே மூன்று கேள்விகளோடு பதில் போகவேண்டும், பரிசோதனை நிற்காமலே. நிறுத்தத்தான் வேண்டுமென்றால், எந்த நோயாளிகள் அதனால் காத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் நிர்வாகத்தின் மேசையில் அன்றே இருக்கவேண்டும். அந்தப் பட்டியல் இருந்திருந்தால் ஏழு வாரம் போயிருக்காது என்று வைத்திய நிபுணர் சொல்கிறார். நானும் நம்புகிறேன். சுவரொட்டிக்கு முன் ஒரு தடவை சட்டத்தரணியிடம் பேசியிருக்கலாம். ஆய்வுகூடக் கொப்பியில் இப்போது ஒவ்வொரு பக்கமும் திகதியும் கையொப்பமும் இடப்படுகிறது. முன்பு இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்குக் கண்டுபிடிப்பு உரிமை யாருக்கு என்பது நியமனக் கடிதத்திலேயே எழுதப்படுகிறது.

கடைசியாக எடுத்த முடிவு, அந்த ஆசிரியருக்கு நடந்ததைச் சொல்வது. சோதனை இருந்தும் ஏன் அவருக்குச் செய்யப்படவில்லை என்பதை வைத்திய நிபுணர் அவரிடம் நேரே சொன்னார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். ஆசிரியர் முழுவதையும் கேட்டார். கடிதத்தின் பிரதியை வாங்கி இரண்டு தடவை வாசித்தார், பிழை திருத்துபவர் போல விரலை வரியில் வைத்து. பிறகு, தன் தங்கைக்கும் மூட்டு நோய்க்காக இதே மருந்தைத் தொடங்கப் போகிறார்களாம், அவளுக்கும் முதலே பார்க்கலாமோ என்று கேட்டார். அடுத்த புதன்கிழமை தங்கை வந்து குருதி கொடுத்தார்.